எண்ணெய்க் கிணத்துல பம்ப் ஓடினால் மட் (தோண்டும்போது சுத்துற சேறு) லாஸ், நிறுத்தினால் திரும்பி வருது. வெயிட் ஏத்தலாமா?

மட்டுக்குப்புதுசு:
எட்டரை இன்ச் ஹோல், 8,000 அடி ஆழம். மட் வெயிட், அதாவது அடர்த்தி, கேலனுக்கு 10.2 பவுண்ட், பம்ப் ஓடும்போது ஈசிடி (ஓட்டத்தோட அழுத்தமும் சேர்ந்த அடர்த்தி) 10.8. மணிக்கு 30 பேரல் போகுது. கனெக்‌ஷனுக்கு (புதுப் பைப் மாட்ட) பம்ப்பை நிறுத்தினா 12 பேரல் திரும்பி வருது. டிரில்லர் இது கிக் (பாறையிலிருந்து எண்ணெயோ கேஸோ கிணத்துக்குள்ள புகுறது)னு சொல்லி வெயிட் ஏத்தச் சொல்றார். எனக்கு மனசு ஒப்பலை.

பழைய ஷேக்கர்:
அவசரப்பட்டு ஏத்தாதீங்க தம்பி. 10.8க்கும் 10.2க்கும் நடுவுல அந்த ஆழத்துல சுமார் 250 பிஎஸ்ஐ. அது இருக்கும்வரை பாறை விரிசல் வாயைத் திறந்து மட்டைக் குடிக்கும். பம்ப் நின்னதும் வாயை மூடி, குடிச்சதைத் துப்பும். பலூனிங்.

நான் புதுசா இருந்தப்ப இதையே கிக்னு நம்பி 0.4 ஏத்தினோம். அரை மணியில ரிட்டர்ன், அதான் மேல திரும்பி வர்ற மட், நின்னுபோச்சு. மட்டைச் சலிக்கிற ஷேக்கர் காய்ஞ்சு, வெறும் வலை தடதடன்னு ஆடிட்டிருந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஒவ்வொரு கனெக்‌ஷன்லயும் எத்தனை பேரல் வந்துச்சு, எத்தனை நிமிஷத்துல அடங்குச்சுன்னு எழுதிவைங்க. பலூனிங்னா வரத்து நேரம் ஆக ஆகத் தணியும். கிக் தணியாது, கூடும்.

லாஸுக்கு முதல்ல பம்ப் வேகத்தைக் குறைங்க. பம்ப் போடறதுக்கு முன்னாடி பைப்பைச் சுத்தி ஜெல்லை உடைங்க. உறைஞ்ச மட்டை ஒரேயடியாத் தள்ளினா அந்த ஒரு இடிக்கே விரிசல் பிளக்கும். பிறகு விரிசலை அடைக்க எல்சிஎம்: கால்சியம் கார்பனேட்டும் கிராஃபைட்டும், நைஸும் கொரகொரப்பும் கலந்து. எம்டபிள்யூடி (தோண்டும்போதே அடியில அளவெடுக்கிற டூல்) ஆளைக் கேட்காம கொட்டாதீங்க, டூல் அடைச்சா திட்டு உங்களுக்குத்தான்.

கிணத்துக்காவல்:
அண்ணன் சொல்றது சரி, ஆனா டிரில்லரை இளக்காரமா நினைக்காதீங்க. பம்ப் நின்னும் வழிஞ்சா முதல்ல கிணத்தை மூடணும், பேச்சு அப்புறம். பலூனிங்னு நிரூபணம் ஆகிறவரை அது கிக்தான். ரிட்டர்ன் முழுசா நின்னா ஆனுலஸ்ல (பைப்பைச் சுத்தியிருக்கிற இடைவெளி) தண்ணி ஊத்தி பேரல் எண்ணுங்க. 9⅝ இன்ச் கேசிங்குக்குள்ள (கிணத்துச் சுவரைத் தாங்குற இரும்புக் குழாய்) அஞ்சு இன்ச் பைப்னா 20 பேரல் தண்ணி சுமார் 400 அடி நிக்கும். மட்டம் இறங்கினா மேல இருக்கிற கேஸ் சோன் முழிச்சுக்கும்.

மட்டுக்குப்புதுசு:
பம்ப்பைக் குறைச்சோம். அடுத்த மூணு கனெக்‌ஷன்ல 12, 9, 5 பேரல். லாஸ் மணிக்கு 8. எல்சிஎம் போட்டதெல்லாம் ஷேக்கர்லயே குவியுதே, வலையை மாத்தணுமா?

பழைய ஷேக்கர்:
பின்னே? பெரிய கண் வலை போடுங்க. காசு கொட்டிப் போட்டதை நீங்களே அள்ளி வெளியே எறியறீங்க.