வாரம் 4 மணி நேரம்தான் அனுமதி: பேண்ட் பயிற்சியை எப்படிப் பிரிப்பது?

காட்பாடி பி.இ.டி.:
வணக்கம். வேலூர் நேதாஜி ஸ்டேடியம் குடியரசு தின அணிவகுப்புக்கு எங்கள் பள்ளி பேண்ட், 24 பேர். மாலை 4.30 முதல் 5.30 வரை, வாரம் 4 நாள் மட்டும். பஸ் பிள்ளைகள் இருப்பதால் நீட்ட முடியாது. யோசனை சொல்லுங்கள்.

ராணிப்பேட்டை டிரம்மர்:
சார், டிரம் எடுத்துக் கொடுப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு டிரம்முக்கும், அதைத் தோளில் மாட்டும் ஸ்லிங் வாருக்கும் நம்பர் ஒட்டுங்கள். ஸ்லிங் நீளத்தை மதிய இடைவேளையிலேயே சரிபார்த்துவிடுங்கள். தொங்கினால் டிரம் முட்டியில் இடித்து நடை மாறும். தோலை இறுக்கும்போது எதிரெதிர் போல்ட்டை அரைச் சுற்று மட்டும் திருப்புங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் சத்தம் பிசிறடிக்கும்.

ஆற்காடு மியூசிக் டீச்சர்:
2 நாள் உட்கார்ந்து ரப்பர் பேடில் அடிக்கட்டும், 2 நாள் மைதானம். நிமிஷத்துக்கு 120 காலடி, முதல் நாளிலிருந்தே தாள வேகம் காட்டும் மெட்ரோனோம் கருவி வேண்டும். சத்தம் போய்ச் சேர நேரமாகும்; 85 மீட்டர் தள்ளி வரும் பிளட்டூனுக்கு (அணிவகுப்புக் குழுவுக்கு) பேஸ் டிரம் கால் நொடி தாமதமாகத்தான் கேட்கும், அதாவது அரைக் காலடி நேரம். அதைப் பேண்டின் பிழை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

காட்பாடி பி.இ.டி.:
நன்றி மேடம். பியூகிள் பிள்ளைகளுக்கு?

குடியாத்தம் பேண்ட் கோச்:
10 நிமிஷம் ஊதினால் 5 நிமிஷம் ஓய்வு. உதடு சோர்ந்தபின் அழுத்தி ஊதினால் மேல் சுரம் உடையும், வீக்கமும் வரும். டெக்சாஸில் பள்ளி நேரம் போக வாரம் 8 மணி நேரம்தான் என்று பள்ளிப் போட்டிகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதியே இருக்கிறது; ஆனால் அங்கே பேண்ட் வகுப்புப் பாடமாகவும் உண்டு. நீங்களும் ஹெச்.எம்.மிடம் ஒரு பி.டி. பீரியடைக் கேட்டு வாங்குங்கள் சார்.