கடுங்குளிர் செர்ரி வடசென்னை மாடிக்கு வருமா?

தண்டையார்பேட்டை மாடி:
கார்மைன் ஜூவல் செர்ரி மைனஸ் 40 டிகிரியையும் தாங்கும்னு போட்டு விக்கிறாங்க. அவ்ளோ குளிரையே தாங்குற செடி நம்ம வெயிலைத் தாங்காதா? கனடாவுல கல்கேரியில இருக்குற அண்ணனும் வீட்டுக் கொல்லையில ஒண்ணு வைக்கணும்னு கேக்குறாரு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே ரகம் ஆகுமா?

கொளத்தூர் ஒட்டு:
ஆகாது. குளிரைத் தாங்குவது வேறு, குளிரைக் கேட்பது வேறு. செர்ரி மொட்டு உறக்கம் கலைய 7 டிகிரிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும். ஜனவரி விடியற்காலையிலும் நம்மூர் 20ஐ ஒட்டித்தான் நிற்கும். அதாவது செர்ரி கேட்கும் குளிர் மணி நேரம் இங்கே பூஜ்யம். கிளை நுனியில் நாலு இலை வரும், மீதி மொட்டையாகவே நிற்கும்.

பெரம்பூர் பழச்செடி:
பூஜ்யம்னு முடிச்சிட்டா எப்படி சார்? தொட்டிச் செடிக்குக் குளிரை நாமே கொடுக்கலாமே. 20 லிட்டர் தொட்டி, இலையை உருவிட்டு, 2லிருந்து 5 டிகிரியில ஆறு வாரம் வச்சா 1,008 மணி நேரம். வேர்மண் காயாம இருந்தா போதும், வெளிச்சம் வேணாம். மினி ராயல், ராயல் லீ மாதிரி ரகத்துக்கு 200, 300 மணி நேரமே போதும், ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்.

கொளத்தூர் ஒட்டு:
அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மகரந்தம் தர வேண்டிய ரகங்கள், ஆக இரண்டு தொட்டி. அதே குளிர்பெட்டியில் ஆப்பிள், வாழை இருந்தால் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். இதெல்லாம் தாண்டி வெளியே எடுத்தால் பகலில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் பூவுக்குள் விதையாக வேண்டிய சூல் சீக்கிரம் வாடிவிடும், மகரந்தத்திலிருந்து வளரும் குழாய் அதைப் போய்ச் சேர்வதற்குள் வேலை முடிந்துவிடும். பூ இருக்கும், பிஞ்சு நிற்காது. கடலோரத்து போர் தண்ணீரின் உப்பும் செர்ரிக்கு ஆகாது, இலை ஓரம் கருகும்.

பெரம்பூர் பழச்செடி:
போர் தண்ணி யார் ஊத்தச் சொன்னா? மழைநீர் பிடிச்சு ஊத்துங்க. பூக்க வைக்க முடியும்னுதான் சொல்றேன், கூடைகூடையா காய்க்கும்னு சொல்லல.

ராயபுரம் டு கனடா:
கல்கேரி விஷயத்துக்கு வருவோம். அங்க கார்மைன் ஜூவல் அருமை. சஸ்காட்சுவான் பல்கலைக்கழகம் 1999ல வெளியிட்ட புதர் ரகம், 2 மீட்டர் உயரம், தன் மகரந்தமே போதும். ஆனா சொந்தவேர்க் கன்றா, அதாவது ஒட்டுக் கட்டாம தன் வேர்லயே வளர்ந்ததா கேட்டு வாங்கணும். மேல்பாகம் பனியில செத்தாலும் வேர்ல இருந்து அதே ரகம் துளிர்க்கும். ஒட்டுக்கன்றுல ஒட்டுக்குக் கீழ துளிர்க்கிறது காட்டு வேர்தான்.

பெரம்பூர் பழச்செடி:
சொந்தவேர்னா கொல்லை முழுக்கப் பக்கக்கன்று கிளம்புமே. மான்ட்மோரன்சிங்கிற புளிப்புச் செர்ரி ரகத்து ஒட்டு ஒரே தண்டா அடக்கமா நிக்கும், பழத்தை மாவுக்குள்ள வச்சு சுடற 'பை' (pie) பண்டத்துக்கும் பேர் போனது.

ராயபுரம் டு கனடா:
பக்கக்கன்றை வெட்டிப் போடலாம், செத்த மரத்தை என்ன பண்றது? கல்கேரியில நடு குளிர்காலத்துல சினூக்ங்கிற வெதுவெதுப்பான காத்து வந்து பனியை உருக்கும், மரம் அசந்திருக்கும்போது திரும்ப மைனஸ் 25 அடிக்கும். ஒத்தைத் தண்டு மரத்துக்குத் தென்மேற்குப் பக்கம் பட்டை வெடிக்கும். வெள்ளை லேடெக்ஸ் பெயின்ட்ல சம அளவு தண்ணி கலந்து தண்டுக்கு அடிக்கணும். முயல் பட்டையைக் கடிக்கும், பனி குவியுற உயரத்துக்கும் மேல கம்பி வலை வேணும். ஜூலைக்கு அப்புறம் யூரியா கூடவே கூடாது, இளந்தளிர் முத்தாமலே பனியில மாட்டும். முழுப் பூவுல இருக்கும்போது மைனஸ் 2.2 வந்தா பத்துல ஒரு பூ போகும், மைனஸ் 3.9னா ஒன்பது. அதனால குளிர் தேங்குற பள்ளத்துல நடாதீங்க. பழம் சிவந்ததும் பறிச்சிடக் கூடாது, கருஞ்சிவப்பு ஆகுற வரைக்கும் விடணும். அதுவரை குருவிக்கு வலை.

தண்டையார்பேட்டை மாடி:
அண்ணனுக்கு அனுப்பிட்டேன். நம்ம மாடிக்கு?

கொளத்தூர் ஒட்டு:
களா வையுங்கள். கேக் மேலே சிவப்பாக உட்கார்ந்திருக்கும் பேக்கரி 'செர்ரி'யில் பெரும்பங்கு சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான். வெயில், உப்புக்காற்று இரண்டையும் தாங்கும். முள் உண்டு, குழந்தைகள் ஓடும் பக்கம் வைக்க வேண்டாம்.

பெரம்பூர் பழச்செடி:
களாவைச் செர்ரின்னு நான் ஒத்துக்க மாட்டேன். ஆனா தேன்பழம் வைக்காதீங்க, சிங்கப்பூர் செர்ரின்னு சொல்லி விப்பாங்க. அது தொட்டிச் செடி இல்ல, மரம்.