புதுப்பிப்பு: மார்கழியில் முளைக்காத தேக்கு விதைகள் சித்திரையில் முளைத்தன

மார்கழியில் நிழல்வலைக்குள் விதைத்த தேக்கு விதைகள் ஏன் முளைக்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுமையுடன் விளக்கிய அனைவருக்கும் நன்றி.

இரவில் நீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதை ஒரு வாரத்திற்கு மேல் தொடர்ந்து, பின்னர் நிழலில்லாத மணற்பாத்தியில் சித்திரையில் விதைக்கலாம் என்று ஒருவர் கூறிய யோசனையே பலன் தந்தது. தேக்கின் கெட்டியான கொட்டை ஈரமும் வெயிலும் மாறிமாறிப் படும்போதுதான் தளர்கிறது. அதோடு, முளைப்பதற்கு ஏறத்தாழ 30 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பமும் தேவைப்படுவதால், அதே மூட்டையின் விதைகள் மார்கழிக் குளிரில் உறங்கியே கிடந்தன. கொதிநீரில் இடும் முறையையும் ஒரு பகுதிக்குத் தனியாகச் செய்துபார்த்தேன். அவற்றில் ஒன்றும் முளைக்கவில்லை. நீர்புகாத தோலுடைய வாகை, சுபாபுல் போன்றவற்றுக்கு உகந்த அம்முறையைத் தேக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதிர்பாராத செய்தி ஒன்று: சில கொட்டைகளிலிருந்து இரண்டு நாற்றுகள் வந்தன. ஒரு கொட்டைக்குள் நான்கு விதைகள் வரை இருக்கக்கூடும் என்பதே இதற்குக் காரணம். முளைப்பும் ஒரே சமயத்தில் நிகழாமல் வாரக்கணக்கில் நீள்கிறது. ஆகவே முதல் நாற்றுகளை எடுத்ததும் பாத்தியைக் கலைத்துவிடாமல், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.