கால் மைல் ஓட்டத்தில் அம்பாசடரின் பின்சக்கரங்கள் துள்ளுகின்றன: எங்கிருந்து தொடங்குவது?

உதகைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் வாங்கி ஓட்டிய அம்பாசடர் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. இசுசு 1817 சிசி பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியரும் கொண்ட வண்டி. முன்புறம் டார்ஷன் பார் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு), பின்புறம் வழக்கமான பட்டை ஸ்பிரிங் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுப் பட்டைகள்). சென்ற மாதம் சமவெளியில் உள்ள மூடிய ஓட்டக்களம் ஒன்றில், உரிய அனுமதியோடு, 402 மீட்டர் ஓட்டத்துக்கு அதைக் கொண்டு சென்றேன். 3,000 சுற்றில் கிளட்சை விட்டதும் வண்டி நகர்வதற்குப் பதிலாக, உரலில் உலக்கை விழுவதுபோல் பின்பக்கம் தடதடவென்று இடித்தது. மூன்று முறை முயன்றும் அப்படியே நடந்ததால், ஆக்சில் (பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு) உடைந்துவிடும் என்று அஞ்சித் திரும்பிவிட்டேன்.

உதகையில் எங்கள் தோட்டத்துச் சிமெண்ட் பாதையில் இதேபோல் புறப்பட்டுப் பார்த்தபோது இந்தத் துள்ளல் ஒருமுறைகூட வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்காத புதிர். இங்கே ஒரு பட்டறையில், வாடகை வண்டிகளுக்குச் செய்வதுபோல் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போடச் சொன்னார்கள். அமெரிக்கக் கட்டுரைகளோ வலது பின்சக்கரத்துக்கு முன்கூட்டியே அழுத்தம் கொடுக்கச் சொல்கின்றன. இரண்டையும் செய்யலாமா? வண்டி குன்னூர் மலைப்பாதையிலும் ஓடியாக வேண்டும்.

கோவைப் பட்டறைக்காரர் எழுதியது:

தம்பி, பட்டை சேர்ப்பது சுமைக்கான மருந்து. உங்கள் வண்டியின் நோய் வேறு. சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும் அதே விசை, ஆக்சில் கூட்டை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கிறது. அதனால் பினியனின் (எஞ்சினிலிருந்து வரும் சுழற்சியை ஆக்சிலுக்குள் வாங்கும் பல்சக்கரத்தின்) மூக்கு மேலே எழுகிறது. ஆக்சிலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் பட்டை ஸ்பிரிங் ஒன்றே என்பதால், அதன் முன்பாதி மேலாகவும் பின்பாதி கீழாகவும் வளைந்து, பக்கவாட்டில் பார்த்தால் பாம்பு நெளிவதுபோல் ஆகிறது. டயரின் பிடி ஒரு கணம் விட்டதும், முறுக்கிய ஸ்பிரிங் தளர்ந்து ஆக்சிலைப் பழைய இடத்துக்கு அடிக்கிறது. டயர் மறுபடியும் பிடிக்க, மறுபடியும் முறுக்கு ஏறுகிறது. நீங்கள் கேட்ட உலக்கைச் சத்தம் இதுதான். கிரவுன் பினியனும் ஆக்சில் ஷாஃப்டும் இப்படித்தான் உடைகின்றன. ஆகவே திரும்பி வந்தது நல்லது.

எதையும் புதிதாக வாங்குவதற்கு முன், வண்டியைத் தூக்கி நிறுத்தி நான்கு இடங்களைப் பாருங்கள்: ஸ்பிரிங்கின் முன்கண் புஷ் (முன்முனை வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் உறை), பின்புறத்து ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் பின்முனையை வண்டியோடு இணைக்கும் ஆடும் கொளுவி) புஷ், யூ போல்ட்டுகளின் (ஆக்சிலை ஸ்பிரிங்கோடு கட்டும் வளைந்த போல்ட்டுகளின்) இறுக்கம், ஷாக் அப்சர்பர். முன்கண்ணுக்குள் கடப்பாரை விட்டு நெம்பினால் ஸ்பிரிங் முன்னும் பின்னும் நகரக் கூடாது. என்னிடம் துள்ளுகிறது என்று வந்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை இந்தச் சோதனையிலேயே தம் குற்றத்தை ஒப்புக்கொண்டன.

அது சரியானால் அடுத்த வேலை கிளாம்ப். முன்பாதியின் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விலகாதபடி இரண்டு மூன்று இடங்களில் இறுக்கிக் கட்டுங்கள். பின்பாதியின் கிளாம்புகளைத் தளர்வாக விடுங்கள். முன்பாதி விறைப்பான கைபோல் நின்று ஆக்சிலின் திருப்பலைத் தடுக்க, பின்பாதி பள்ளம் மேடுகளுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். கூடுதல் பட்டை இரு பாதிகளையும் சேர்த்து விறைப்பாக்கி வண்டியின் பின்புறத்தையும் உயர்த்திவிடும். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே கட்டை வைத்து வண்டியைத் தாழ்த்துவது அதைவிடக் கெடுதல், ஏனெனில் அது திருப்பும் விசைக்கு இன்னும் நீளமான நெம்புகோலைக் கொடுத்துவிடுகிறது.

கிளாம்ப் போட்டும் போதவில்லை என்றால் டிராக்‌ஷன் பார். ஆக்சில் இருக்கையின் அடியில் பூட்டிய உறுதியான தண்டு முன்னோக்கி நீண்டு, அதன் நுனியிலுள்ள ரப்பர் முன்கண்ணுக்கு நேர் கீழே போய் முட்ட வேண்டும். கண்ணுக்குப் பின்னால் பட்டையின் நடுவில் முட்டினால் அது ஸ்பிரிங்கை வளைக்குமே தவிர வேலைக்கு ஆகாது. ஆயத்தமாக வாங்கியவற்றில் பலவும் நம் அம்பாசடரின் அளவுக்குப் பொருந்தாமல் இந்தக் குறையோடுதான் வருகின்றன; லேத்தில் அளவெடுத்துச் செய்துகொள்வதே மேல். ரப்பருக்கும் கண்ணுக்கும் இடையே ஒரு விரல் தடிமன் இடைவெளியில் தொடங்குங்கள்.

கடைசியாகப் பினியன் கோணம். பினியன் எப்படியும் மேலே எழும் என்பதால், நிற்கும் நிலையில் அதன் மூக்கு பிரொப்பெல்லர் ஷாஃப்டின் (எஞ்சின் பக்கத்துச் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுவரும் நீண்ட தண்டின்) கோட்டுக்குச் சற்றுக் கீழே சாய்ந்திருக்க வேண்டும். கிளாம்பும் பாரும் போட்ட உங்கள் வண்டிக்கு மூன்று நான்கு பாகை போதும். எதுவும் போடாத பட்டை ஸ்பிரிங்குக்கு ஐந்து முதல் ஏழு வரை தேவைப்படும். வண்டி தன் சக்கரங்களின்மேல் நிற்கும்போது அளக்க வேண்டும். தூக்கியில் தொங்கும்போது எடுத்த அளவு பொய் சொல்லும். சரிசெய்ய எஃகு ஆப்பு வையுங்கள்.

குன்னூர் கான்டெசா எழுதியது:

பட்டறைக்காரர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். வலது பின்சக்கரத்தைப் பற்றி மட்டும் சேர்க்க வேண்டியது உண்டு. முன்னாலிருந்து பார்த்தால் நம் எஞ்சின் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. பிரொப்பெல்லர் ஷாஃப்டும் அதே திசையில் ஆக்சிலைத் திருக, இடது பின்சக்கரம் தரையில் அழுந்தி வலது பின்சக்கரம் இலகுவாகிறது. அதனால்தான் அமெரிக்கர்கள் வலப்பக்கத்துக்கு முன்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய ஓட்டுநர் இடப்பக்கம் அமர்கிறார். நாமோ வலப்பக்கம் அமர்கிறோம். எழுபது எண்பது கிலோ எடை ஏற்கனவே வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. பாட்டரியை டிக்கியின் வலது மூலைக்கு மாற்றினால் இன்னும் கொஞ்சம் சேரும். அவர்களுடைய அளவை அப்படியே எடுத்தால் வண்டி புறப்படும்போதே ஒருபக்கம் இழுக்கும். வலப்பக்கத்து ரப்பர் இடைவெளியை இடப்பக்கத்தைவிட ஓரிரு மில்லிமீட்டர் குறைப்பதோடு நிறுத்துங்கள்.

வண்டியின் பின்புறம் பதிந்து உட்கார்ந்தால் எடை பின்னால் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. பின்னால் நகரும் எடையை வண்டியின் எடை, வேக முடுக்கம், ஈர்ப்பு மையத்தின் உயரம், முன், பின் சக்கரங்களின் இடைத்தூரம் ஆகியவையே தீர்மானிக்கின்றன. ஓட்டுநரோடு 1,250 கிலோ, ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரம், இடைத்தூரம் 2.46 மீட்டர், புவியீர்ப்பில் 0.4 பங்கு முடுக்கம் என்று வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய 120 கிலோ பின்னால் நகர்கிறது. ஸ்பிரிங் அந்த எடையைக் கூட்டவோ குறைக்கவோ செய்வதில்லை. எவ்வளவு வேகமாக, எவ்வளவு மென்மையாக அது டயருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டுமே மாற்றுகிறது.

என் கான்டெசா காரில் பின்புறம் காயில் ஸ்பிரிங்கும் நான்கு தண்டுகளும் இருப்பதால் அமைக்கும் முறை முற்றிலும் வேறு. அதைத் தனிக் கேள்வியாக யாராவது கேட்டால் எழுதுகிறேன்.

உதகைவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. இன்று கடப்பாரைச் சோதனை செய்தேன். இடது முன்கண் புஷ்ஷில் ரப்பர் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை; வலப்பக்கத்து யூ போல்ட்டுகள் இரண்டும் கால் சுற்றுக்கு மேல் இறுகின. ஆயினும் இந்தக் குறைகள் உதகையிலும் இருந்தவைதானே? அங்கே ஏன் துள்ளவில்லை?

கோவைப் பட்டறைக்காரர் எழுதியது:

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோவை நானூற்றுச் சொச்சம் மீட்டரில். எங்கள் ஊர் வெயிலையும் உங்கள் ஊர்க் குளிரையும் கழித்துப் பார்த்தாலும், இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிகம். கார்புரேட்டர் எஞ்சின் அந்த அளவுக்குக் கூடுதலாக இழுக்கும். முறுக்கும் அந்த அளவுக்குக் கூடும். போதாக்குறைக்கு, தோட்டத்துச் சிமெண்டில் பாசியும் பனி ஈரமும் இருந்திருக்கும். அங்கே டயர் சத்தமின்றி வழுக்கியது. ஓட்டக்களத்துத் தாரில் கவ்விப் பிடித்ததால்தான் ஸ்பிரிங் முறுக்கேறியது. மலையில் அமைத்த எதையும் சமவெளியில் மறுபடி சோதிக்காமல் நம்பாதீர்கள். மலைக்காக ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளை) சிறிதாக மாற்றப்பட்டிருந்தால், கீழே இறங்கியதும் பெரியதைப் போடுங்கள். பெட்ரோல் குறைந்த கலவையில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பிஸ்டன் போய்விடும்.

டயர் காற்றையும் அளவோடு குறையுங்கள். சாதாரண ரேடியலில் மிகவும் குறைத்தால் நடுப்பகுதி தரையைவிட்டு எழும்பி ஓரங்கள் மட்டுமே பிடிக்கும். இரண்டிரண்டு பவுண்டாக இறக்கி, தரையில் பதியும் தடத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

பர்லியாறு வழி எழுதியது:

நான் பந்தயக்காரன் அல்ல. முப்பது ஆண்டுகளாக இந்த மலையில் வண்டி ஓட்டுபவன். நீங்கள் யாரும் எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். முன்புறம் எளிதில் எழும்புவதற்காகத் தளர்வான ஷாக் அப்சர்பர் போடச் சொல்லும் கட்டுரைகளை இந்தத் தம்பி அடுத்துப் படிப்பார். அவற்றோடு குன்னூர் இறக்கத்தில் இறங்கினால், ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டியின் மூக்கு ஆடிக்கொண்டே இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறு இடைவெளி வைத்த வண்டி, இடது வளைவில் ஒருவிதமாகவும் வலது வளைவில் வேறுவிதமாகவும் திரும்பும். மழையில் அது போதும், பள்ளத்துக்குப் போக. முன்புறத்தைத் தொடாதீர்கள். பாரின் ரப்பர் முனைகளைக் கழற்றி டிக்கியில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். மேட்டுப்பாளையத்தில் தேநீர் குடிக்கும் நேரத்தில் பூட்டிவிடலாம். காற்றையும் அங்கேயே குறையுங்கள். சோதனை ஓட்டத்துக்கு ஊர்ச்சாலையைப் பயன்படுத்த வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அதைக் குற்றமாக வைத்திருக்கிறது.

உதகைவாசி எழுதியது:

ஐயா, தளர்வான முன் ஷாக் அப்சர்பருக்கு நேற்றுதான் விலை விசாரித்தேன், அதைக் கைவிடுகிறேன். புதிய புஷ்ஷும் யூ போல்ட்டும் போட்டாயிற்று, முன்பாதிக்குக் கிளாம்ப் இந்த வாரம். பாரைச் செய்வதற்கு முன், கிளாம்போடு மட்டும் ஒருமுறை களத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.