6 மீற்றர்: நிறுவனக் காவலை உடைக்கப் போனவர்களின் அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து:

எங்கள் சோலோ (சண்டையிடுகிற பாத்திரம்) என்னை இழுத்துச் சென்றது சரியா பிழையா என்ற வழக்கு எங்கள் மேசையில் இன்னமும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சைபர்பங்க் ரெட் என்ற மேசைக் கதாபாத்திர ஆட்டம், அதில் வரும் அரசாக்கா என்ற பெருநிறுவனத்தின் ஆய்வுக்கூடம். நான் நெட்ரன்னர், அதாவது கணினி வலைக்குள் ஊடுருவுகிறவன். வாசல் காவலையும் கமராக்களையும் கடந்து, சேவர் அறைச் சுவரிலிருந்த அக்சஸ் பொயின்டில், அதாவது கட்டடத்தின் வலைக்குள் நுழையும் இடத்தில், நான் இணைந்திருந்தேன். அந்த வலை தளம் தளமாகக் கீழே போகும். கடவுச்சொல் தளத்தைத் திறந்து கீழே இறங்கியபோது, ஊடுருவுகிறவரைத் தாக்கும் ஹெல்ஹவுண்ட் என்ற நிரல் காத்திருந்தது.

அது 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலம். பத்துமுகப் பகடை இங்கே கடைகளில் கிடைக்காதபடியால், 1 முதல் 10 வரை எழுதிய துண்டுகளைப் பால்மா ரின்னுக்குள் இட்டுக் குலுக்கி எடுப்பது எங்கள் வழக்கம். குப்பி விளக்கு வெளிச்சத்தில் நான் எடுத்த துண்டில் 2 என்றிருந்தது. அதே சுற்றில் காவலர்கள் கதவைத் திறந்து நுழைந்தார்கள். சோலோவாக ஆடிய அண்ணா ஒரு கணமும் தயங்கவில்லை. "தம்பியை இழுத்துக்கொண்டு வெளியால போறன்" என்றார்.

அக்சஸ் பொயின்டிலிருந்து 6 மீற்றருக்கு அப்பால் போனால் இணைப்பு அறுந்துவிடும் என்பதும், அப்படி அறுந்தால் நாம் சந்தித்து அழிக்காமல் விட்ட பிளாக் ஐஸ் (ஹெல்ஹவுண்ட் போன்ற தாக்கும் நிரல்கள்) எல்லாம் போகிற போக்கில் தாக்கும் என்பதும் ஆடுகிறவர்கள் அறிந்தவையே. ஆட்டத்தை நடத்திய அக்கா லூடோப் பெட்டியின் பகடைகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, அண்ணாவின் முகத்தையே பார்த்தார். அண்ணா "ஓம்" என்றார். விழுந்தது 6உம் 5உம். மூளைக்கு நேரே 11 பாதிப்பு. வலைக்குள் நுழையும் கருவியான டெக்கும் என் உடுப்பும் தீப்பற்றி எரிய, நான் நடைபாதையில் இழுபட்டுக்கொண்டிருந்தேன். காவலர்களின் தோட்டாவை என் கவசம் தாங்கியிருக்கும். ஹெல்ஹவுண்டின் கடியை எந்தக் கவசமும் தாங்காது. அந்த "ஓம்" என்ற சொல்லை என்னால் மறக்க முடியவில்லை.

மல்லாவியிலிருந்து:

நாங்கள் நெட்ரன்னர் இல்லாமலே ஒரு கட்டடத்தின் மூன்று காவல் வளையங்களைக் கடந்தோம். குளிரூட்டி திருத்துகிறவர்களாக உடுத்திக்கொண்டு போனோம். இரண்டாம் வாசலில் காவலர் அனுமதிச் சீட்டைக் கேட்டபோது, எங்கள் ஃபிக்சராக (பேரம் பேசும் இடைத்தரகர்) ஆடிய தங்கச்சி, "உங்கள் மேலதிகாரிக்கு நீங்களே அழைப்பெடுத்து, சேவர் அறை சூடாகிறது என்று சொல்லுங்கள்" என்று மிக அமைதியாகச் சொன்னார். அழைப்புக் கருவி வரை போன காவலரின் கை அதைத் தொடாமலே திரும்பியதாக ஆட்ட நடத்துனர் விவரித்த அந்த இடம் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். கிளிநொச்சித் தம்பி சேவர் அறை வரை சண்டை பிடித்துக்கொண்டு போயிருக்கவே தேவையில்லை.

வவுனியாவிலிருந்து:

மல்லாவி நண்பர் சொல்வதோடு நான் உடன்பட மாட்டேன். காவலரை ஏமாற்றலாம், ஆனால் வலையின் அடித்தளத்திலுள்ள கோப்பைக் காவலர் எடுத்துத் தர மாட்டார். என் அனுபவம் சிறியது. 1990இல் வெளிவந்த சைபர்பங்க் 2020 பதிப்பை நாங்கள் ஆடிய காலத்தில், நெட்ரன்னர் எங்கோ தொலைவில் இருந்தபடி தனியே வலைக்குள் போவார். மற்றவர்கள் எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வருவோம். ஒருநாள் நாங்கள் திரும்பி வந்தபோது அவருடைய பாத்திரம் இறந்திருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. ரெட் பதிப்பின் கதையில் பழைய வலை அழிந்துபோனதாக வைத்து, நெட்ரன்னரும் கூட்டத்தோடு கட்டடத்துக்குள் வர வேண்டும் என்று மாற்றியதை அதனால்தான் நான் மனதார வரவேற்கிறேன்.

கிளிநொச்சித் தம்பிக்குச் சில விடயங்கள் சொல்ல வேண்டும். நான்காம் நிலை நெட்ரன்னருக்கு ஒரு சுற்றில் மூன்று வலைச்செயல்கள் உண்டு. முதலாவதை வழியறியும் திறனான பாத்ஃபைண்டருக்குக் கொடுத்தால், கீழே என்ன காத்திருக்கிறது என்பது இறங்குவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். ஹெல்ஹவுண்டோடு மோதியே ஆக வேண்டும் என்றும் இல்லை. சுற்றுக்கு ஒருமுறை ஸ்லைட் செய்து தப்ப முயலலாம். எங்கள் பக்கத்து யானைகள் மின்வேலிக் கம்பியோடு மல்லுக்கட்டாமல் கட்டையைத் தள்ளி விழுத்துவதைப் போல, நிறுவனக் காவலிலும் கம்பி எது, கட்டை எது என்று பிரித்தறிய வேண்டும். பெரும்பாலும் கட்டை என்பது கதவையும் கமராவையும் இயக்குகிற கொன்ட்ரோல் நோட்தான். அதை முதலில் பிடித்திருந்தால் அந்தக் கதவு காவலர்களுக்குத் திறந்தே இராது. கடைசியாக, இணைப்பைப் பாதுகாப்பாகத் துண்டிப்பதற்கு ஒரு வலைச்செயல் போதும். ஆபத்து வந்தால் சோலோ சொல்ல வேண்டிய ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தச் சொல் கேட்டதும் கோப்பைப் பற்றி யோசிக்காமல் வெளியே வாருங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து:

வவுனியா அண்ணா, எங்களிடம் அப்படியொரு சொல் இருந்தது. அது என் காதிலும் விழுந்தது. ஆனால் என்னைப் பிடித்திருந்தது கிராக்கன் என்ற பிளாக் ஐஸ். அது தாக்கிவிட்டால், உங்கள் அடுத்த முறை முடியும் வரை கீழேயும் இறங்க முடியாது, பாதுகாப்பாகத் துண்டிக்கவும் முடியாது. கொன்ட்ரோல் நோட் என் கையில்தான் இருந்தது; அறையின் இரும்புக் கதவையும் மூடியிருந்தேன். அவர்கள் சுவரை வெடிவைத்துத் திறந்தார்கள். எங்கள் சோலோ என்னை இழுக்கவில்லை. எனக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, நடத்துனரிடம், "இவள் முடிக்கும் வரைக்கும் நான் அசையமாட்டன்" என்றாள். அந்த ஒரு சுற்றில் அவளுடைய கவசம் முழுவதும் கிழிந்துபோனது. நான் வெளியே வந்தபோது அவள் முழங்காலில் நின்றாள்.

கிளிநொச்சித் தம்பி, உங்கள் அண்ணாமீது நான் குற்றம் சொல்ல மாட்டேன். வலைக்குள் நிற்பது ஹெல்ஹவுண்டா, கிராக்கனா, வெறும் கோப்பா என்பது நெட்ரன்னரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். பக்கத்தில் துவக்கோடு நிற்பவருக்கு ஒரு சுவரும் ஒரு உடம்பும்தான் தெரியும். மேசையில் இருந்த அண்ணாவுக்கு விதி தெரிந்திருக்கலாம், ஆனால் அந்த அறையில் நின்ற சோலோவுக்கு ஹெல்ஹவுண்ட் இருப்பதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருந்தீர்களா?