டான்சில், அடினாய்டு எடுத்த பிறகும் மூச்சடைப்பு: விவரம் தேவை

இ.என்.டி., குழந்தைநல மருத்துவர்களிடம் ஓர் உதவி. தூக்கத்தில் மூச்சடைக்கும் பிள்ளைகளுக்கு டான்சில், அடினாய்டு (மூக்கின் பின்புறச் சதை) எடுத்ததும் குறட்டை நின்றால் போதும் என்று விட்டுவிடுகிறோம். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகள் இருந்தார்கள். ஏழு மாதத்தில், அறுவை செய்தவர்களில் 79%, அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களில் 46% பேருக்குத் தூக்கப் பரிசோதனை இயல்பானது. அறுவை செய்த பருமனான பிள்ளைகளில் 67%தான். இயல்பாகாத மீதிப் பிள்ளைகளைத்தான் தவறவிடுகிறோம்.

அறுவைக்கு 6–8 வாரம் கழித்து மறுபரிசோதனை செய்திருந்தால் இவற்றைப் பகிருங்கள்: வயது, எடை, உயரம், முன்பும் பின்பும் ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு), ஆக்சிஜன் இறங்கிய குறைந்தபட்ச அளவு. அடைப்பு மிஞ்சியிருந்தால் எங்கே? மூக்கினுள் சதை வீக்கமா, நாக்கின் அடிப்பகுதியா, அடினாய்டு மறுபடி வளர்ந்ததா? சிபேப் (மாஸ்க் வழியே அழுத்தத்தோடு காற்று செலுத்தும் கருவி) கொடுத்தவர்கள், மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்ததை எப்படிச் சரிசெய்தீர்கள் என்றும் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், மருத்துவமனை விவரம் வேண்டாம்.