கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னாடி குடும்பக் குழுவில்: மூணு ராத்திரி முழிச்சா புதன்கிழமை கார் ஓட்டலாமா?

குழு: ஆச்சி வீட்டுக் கொடை
வெள்ளிக்கிழமை

[இரவு 8:04] பேச்சி அண்ணன்: எல்லாரும் பாத்துக்கிடுங்க. ஞாயிறு ராத்திரி பந்தல், லைட்டு வேலை. திங்க ராத்திரி குடியழைப்பு, சாமியை அழைக்கிறது. செவ்வா மத்தியானப் பூசை மதியக்கொடை, நடுராத்திரிப் பூசை சாமக்கொடை. மூணு ராத்திரியும் நான் கோயில்லதான் இருப்பேன். புதன் காலை ஆறு மணிக்கு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கார்ல நேரா சென்னை. வியாழன் ஆபீஸ்.

[8:06] இசக்கி: ஞாயிறு காலை ஆறுக்கு எந்திரிச்சா புதன் ஆறுக்கு 72 மணி நேரம்ணே. ஒருத்தன் 264 மணி நேரம் முழிச்சிருந்திருக்கான், 11 நாள். நீ எல்லாம் ஈஸியா பாஸ் 💪

[8:06] பேச்சி அண்ணன்: அதான. மூணு நாள் என்ன பெரிசு

[8:13] ஆனந்தி மயினி: இசக்கி, சொன்னதைப் பாதியில விடாதே தம்பி. அந்தப் பையன் பேரு ராண்டி கார்ட்னர். அமெரிக்காவுல சான் டியேகோ, வயசு 17. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக 1963 டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சு 1964 ஜனவரி 8ந்தேதி முடிச்சான். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலேர்ந்து வில்லியம் டிமென்ட் வந்து கூட இருந்தார். கடற்படை மருத்துவர் ஜான் ராஸ் அவனைச் சோதிச்சு எழுதி வச்சார். அதுல ரெண்டாம் நாளே கண்ணை ஒரு பொருள்மேல நிறுத்தக் கஷ்டம், கையில கொடுத்ததைத் தொட்டுப் பார்த்து என்னன்னு சொல்லத் தடுமாற்றம். மூணாம் நாள் சிடுசிடுப்பு, நாக்கு புரள்ற வாக்கியம் சொல்ல வரலை. நாலாம் நாள் தெருவோரப் பெயர்ப்பலகையை ஆள்னு நினைச்சுட்டான்.

[8:14] ஆனந்தி மயினி: கடைசி நாள் 100லேர்ந்து ஏழு ஏழாக் கழிச்சுக்கிட்டே வரச் சொன்னாங்க. 93, 86, 79, 72, 65. அதோட பேச்சு நின்னுபோச்சு. ஏன் நிறுத்திட்டேன்னு கேட்டா, என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்னே மறந்துபோச்சுன்னான்.

[8:15] இசக்கி: ஆனா பத்தாம் நாள் பின்பால் விளையாட்டுல டிமென்ட்டையே ஜெயிச்சான்னும் போட்டிருக்கே மயினி

[8:19] ஆனந்தி மயினி: ரெண்டும் நடந்ததுதான். சின்ன வேலை, பரபரப்பான வேலைன்னா மூளை மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு பத்து நிமிஷம் ஓட்டிரும். ஒரே மாதிரி நீண்டுக்கிட்டே போற வேலையிலதான் கழண்டுபோகும். அதனால தூக்கம் கெட்டவங்களுக்குப் பத்து நிமிஷச் சோதனை ஒண்ணு வைப்பாங்க. திரையில எண் தெரிஞ்சதும் பட்டனை அமுக்கணும், அவ்வளவுதான். முதல் ரெண்டு நிமிஷம் நல்லாச் செய்வாங்க. போகப்போக அரை நொடி தாமதம், அப்புறம் எண் வந்ததே தெரியாம உக்காந்திருப்பாங்க. பேச்சி, மேளமும் வில்லுப்பாட்டும் கேட்கிற வரைக்கும் நீ நல்லாத்தான் இருப்பே. கயத்தாறு தாண்டின பெறகு நாலுவழிச்சாலை இருக்கு பாரு, அந்தச் சோதனை அங்கேதான்.

[8:24] சுடலை மாமா: மருமகனே, நான் சொல்லுதேன் கேளு. கண் அசர்ற நேரம் மூணு நாலு செகண்டுதான். ஓட்டுறவன் தூங்குனோம்னே நினைக்க மாட்டான். சில பேருக்குக் கண்ணு திறந்தே இருக்கும், பார்வை மட்டும் இருக்காது. மணிக்கு 80ல போனா ஒரு செகண்டுக்கு 22 மீட்டர். நாலு செகண்டுக்கு கிட்டத்தட்ட 90 மீட்டர். 100ல போனா 110 மீட்டருக்கு மேல. முன்னால லாரி நின்னா அடிச்ச பெறகுதான் பிரேக். தூங்கி மோதுன வண்டிக்குப் பின்னால ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடமே பெரும்பாலும் இருக்காது.

[8:25] பேச்சி அண்ணன்: மாமா நான் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாட்டைப் போட்டுக்கிடுவேன்

[8:27] சுடலை மாமா: அது ஒரு பத்து நிமிஷத்துக்கு ஆகும். பெறகு காத்தும் பாட்டுமே தாலாட்டு. டிப்போல புதுசா வார பையன்களுக்கு இதைத்தான் முதல்ல சொல்லுவோம். வண்டிக்குள்ள என்ன செஞ்சாலும் தூக்கம் போகாது. போகணும்னா வண்டி நிக்கணும்.

[8:28] சுடலை மாமா: எப்பம் நிறுத்தணும்னா: தலை ஒருதடவை டக்குனு தொங்கி நிமிந்தா. வெள்ளைக் கோட்டுல டயர் ஏறுற சத்தம் கேட்டு ஸ்டியரிங்கை இழுத்தா. முன்னால போற வண்டி திடீர்னு பக்கத்துல வந்த மாதிரி தெரிஞ்சா. ‘கப்பலூர் டோல் எப்பம் தாண்டுனோம்’னு யோசிச்சா. இதுல ஒண்ணு வந்தாலே ஏற்கனவே ஒருதடவை தூங்கியாச்சுன்னு அர்த்தம். அடுத்த ஊர்ல டீ குடிக்கலாம்னு இழுக்கக்கூடாது.

[8:33] செல்வி சித்தி: ஐசியூ டூட்டி முடிச்சு இப்பதான் பாக்கேன். பேச்சி, நீ சரக்கு அடிச்சிட்டு வண்டி எடுக்க மாட்டேல்லா?

[8:33] பேச்சி அண்ணன்: சாமி சத்தியமா மாட்டேன் சித்தி. மாலை போட்டிருக்கேன்

[8:36] செல்வி சித்தி: அப்பம் கேளு. நம்ம ஊர்ல சட்டம் சொல்லுற எல்லை 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருக்கிறவன் கைவேகமும் கவனமும் 0.05 சதவீதம் குடிச்சவன் அளவுக்கு இறங்கிரும். 24 மணி நேரம்னா 0.10. 1997ல ஆஸ்திரேலியாவுல பாத்த கணக்கு இது. நீ 72 மணி நேரம்ங்கிறே. ஊதச் சொன்னா மெஷின் பூஜ்யம்தான் காட்டும்.

[8:37] இசக்கி: 😳

[8:41] பேச்சி அண்ணன்: எனக்குத் தூக்கம் வந்தா எனக்கே தெரியாதா சித்தி? வந்தா ஓரங்கட்டிருவேன்

[8:46] ஆனந்தி மயினி: தெரியாது. நான் இதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும். முடிவெடுக்கிற முன்மூளைதான் தூக்கமில்லாம முதல்ல மங்கும். தன்னைத் தானே எடைபோடுறதும் அதே பகுதிதான். தராசே கெட்டபெறகு எடையை எப்படி நம்புறது? பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல 14 நாள் ஆளுங்களை வச்சுப் பாத்தாங்க, 2003ல வெளியாச்சு. தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கினவங்க கவனம் நாளுக்கு நாள் சறுக்கிக்கிட்டே போய், கடைசியில ஒரு ராத்திரி அடியோட தூங்காதவங்க அளவுக்கு வந்துருச்சு. ஆனா ‘தூக்கக் கலக்கமா இருக்கா’ன்னு கேட்டா சில நாளுக்கு மேல பதில் மாறவே இல்லை. பழகிருச்சுன்னு நினைச்சாங்க. அதனால புதன்கிழமை காலையில உன்னைக் கேட்டு முடிவு பண்ணக்கூடாது. இன்னைக்கே முடிவு பண்ணணும், தூங்கியிருக்கிற இன்னொருத்தர் அதைக் காப்பாத்தணும்.

[8:52] செல்வி சித்தி: மூணு நாள் எப்படிப் போகும்னும் சொல்லிருதேன், வாலண்டியர் பையன்களுக்கும் ஆகும். முதல் ராத்திரி தாண்டினா கண் எரியும், குளிரும், கண்டதையும் திங்கத் தோணும். பசியைக் கிளப்புற சுரப்பு கூடும், போதும்ங்கிற சுரப்பு குறையும், அதான் விடியக்காலையில பஜ்ஜி கேக்குது. காரணமில்லாம சிரிப்பான், அடுத்த நிமிஷம் சண்டை. ரெண்டாவது ராத்திரிக்கு மேல கைநடுக்கம், இமை தொங்கும், எழுத்து ரெண்டாத் தெரியும், பேச்சு சுதியில்லாம ஒரே தட்டா வரும். சொன்னதையே சொல்லுவான். தலையைச் சுத்தி இறுக்கமா தொப்பி போட்ட மாதிரி இருக்கும்பான். தரை அலையுது, செவுரு கிட்ட வருது, கண்ணோரத்துல யாரோ நிக்காங்க, இதெல்லாம் அப்பம் ஆரம்பிக்கும். மூணாவது நாள் சில பேருக்கு இல்லாத ஆள் தெரியும், குரல் கேக்கும், ‘என்னைப் பத்தித்தான் பேசுதாங்க’ன்னு சந்தேகம் வரும்.

[8:53] இசக்கி: சித்தி அப்பம் சாமக்கொடையில சிலருக்குத் தெரியிறது...

[8:53] பாக்கியம் ஆச்சி: 🎤 குரல் பதிவு (0:09)

[8:54] இசக்கி: ஆச்சி என்னைத் திட்டுதாங்க. வாபஸ் வாங்கிக்கிடுதேன்

[8:58] செல்வி சித்தி: ஆச்சி சொல்லுறது சரிதான், அதை விடு. ஆனா சாமியாடுற கோமரத்தாடி பெரியப்பா விஷயம் பேசியே ஆகணும். 64 வயசு, சர்க்கரை மாத்திரை எடுக்காரு, அன்னைக்கு விரதம். தூக்கமில்லாட்டி சர்க்கரையும் பிரஷரும் ஏறத்தான் செய்யும். ஆனா மாத்திரையைப் போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சடார்னு இறங்கும். வேர்வை, நடுக்கம், பேச்சு குழறல், தடுமாற்றம். பாக்குறவங்க ‘மூணு நாளா தூங்கலை’ன்னோ ‘அருள் இறங்குது’ன்னோ விட்டுருவாங்க. குளுக்கோமீட்டர் பந்தல்லயே இருக்கட்டும். 70க்குக் கீழ காட்டினா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடுங்க, 15 நிமிஷம் கழிச்சு திரும்பக் குத்திப் பாருங்க. நினைவில்லாதவர் வாயில மட்டும் எதையும் ஊத்தாதீங்க, 108க்கு அடிங்க. விரதத்தன்னைக்கு மாத்திரை எவ்வளவுன்னு அவரு டாக்டர்ட்ட நாளைக்கே கேட்டுருங்க.

[9:01] ஆனந்தி மயினி: இன்னும் ரெண்டு பேருக்கு முழிப்பே கூடாது. வலிப்புக்கு மருந்து எடுக்கிறவங்க: ஒரு ராத்திரி தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம், மருந்து நேரமும் தப்பும். இன்னொண்ணு, மனநிலை ஏறி இறங்குற நோய்க்கு மாத்திரை எடுக்கிறவங்க. அவங்களுக்குத் தூக்கக்கேடே பித்தை ஏத்திவிடும். சாதாரணமா முழிச்சவன் உக்காந்த இடத்துல சாய்வான். பித்து ஏறுனவன் ரெண்டு மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டான், தூக்கமே வரலைம்பான், பேச்சு நிக்காது, காசை அள்ளி விடுவான். ‘பையன் என்னமா உழைக்கான்’னு பாராட்டிக்கிட்டு இருக்காதீங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

[9:03] இசக்கி: மயினி தூங்காமலே இருந்தா செத்துப்போவாங்களா? சும்மா கேக்கேன்

[9:05] ஆனந்தி மயினி: சிகாகோ பல்கலைக்கழகத்துல எலிகளைத் தூங்கவிடாம பாத்தாங்க, 1980கள்ல. நிறையத் தின்னும் எடை குறைஞ்சு, ரெண்டு மூணு வாரத்துல செத்துப்போச்சு. மனுஷன் அதுக்கு முன்னாடியே எங்கயாவது மோதிருவான். கின்னஸ்காரங்க தூங்காம முழிச்சிருக்கிற சாதனையை இப்ப ஏத்துக்கிடுறதே இல்லை.

[9:07] பேச்சி அண்ணன்: சரி ஒத்துக்கிடுதேன். ஆனா நிர்வாகப் பொறுப்பு என்கிட்ட. தூங்காம இருக்கவும் கூடாது, வேலையும் நடக்கணும். காப்பி எவ்வளவு குடிக்கலாம்? பையன்க எனர்ஜி டிரிங்க் ரெண்டு பெட்டி வாங்கி வச்சிருக்கானுங்க

[9:12] ஆனந்தி மயினி: அடினோசின்னு ஒண்ணு முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில சேரும். அதுதான் தூக்கக் கடன் சீட்டு. காப்பி அந்தக் கடனை அடைக்காது, அடினோசின் உக்கார்ற நாற்காலியில தான் போய் உக்காந்துக்கிடும். காப்பி எந்திரிச்சதும் மொத்தமா வந்து விழும். குடிச்சு இருவது முப்பது நிமிஷத்துல வேலை செய்யும், பாதி இறங்கவே அஞ்சு மணி நேரம்போல ஆகும். அதனால தூங்கப் போறதுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்திரணும். ஒரே மூச்சுல ரெண்டு டம்ளர் அடிக்கிறதைவிட அரை டம்ளரா பிரிச்சுக் குடிக்கிறது மேல். டின் எனர்ஜி டிரிங்கை ஒருத்தன் மூணு நாலுன்னு ஊத்திக்கிட்டா படபடப்பும் நடுக்கமும்தான் கூடும். பெட்டியைத் திருப்பிக் குடுத்துருங்க.

[9:14] செல்வி சித்தி: சளி மாத்திரை, அலர்ஜி மாத்திரையும் போட்டுக்கிட்டு நிக்காதீங்க. பல மாத்திரை தூக்கத்தைக் கூட்டும்.

[9:15] சுடலை மாமா: சீட்டு போடுங்கடே. பழைய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்துல (1961) எங்களுக்கே நாளைக்கு எட்டு மணி நேரம்தான் இருந்துச்சு, அஞ்சு மணி நேரம் ஓட்டினா அரை மணி ஓய்வு. பேச்சிக்கு மட்டும் 72ஆ?

[9:24] ஆனந்தி மயினி: பேச்சிக்குப் போட்டிருக்கேன், பாருங்க.
இன்னைக்கும் நாளைக்கும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடத் தூங்கு. முன்கூட்டித் தூங்கினது கொஞ்சம் கைகொடுக்கும்.
ஞாயிறு ராத்திரி 11 முதல் 5 வரை வீட்ல தூக்கம். லைட்டுக்காரரோட குமார் இருப்பான்.
திங்கள் மதியம் 2 முதல் 3:30. அந்த நேரம் உடம்பே சோர்ற நேரம், தூக்கம் சீக்கிரம் வரும்.
குடியழைப்பு முடிஞ்சு செவ்வாய் விடியக்காலை 2:30 முதல் 7.
செவ்வாய் சாயங்காலம் 4:30 முதல் 6.
சாமக்கொடை முடிஞ்சு புதன் விடியக்காலை 4 முதல் 8:30. புதன் பகல் முழுக்கத் தூங்காதே, ராத்திரி கெடும். ராத்திரி 9க்குப் படு.
வியாழன் காலை கிளம்பு. ஆபீஸ் வெள்ளிக்கிழமை.

[9:26] இசக்கி: ஏன் மயினி எல்லாம் ஒன்றரை ஒன்றரையா இருக்கு

[9:29] ஆனந்தி மயினி: ஒரு சுற்று சுமார் 90 நிமிஷம். முழுசாத் தூங்கி எந்திரிக்கணும், இல்லாட்டி 20 நிமிஷத்தோட எந்திரிக்கணும். நடுவுல ஆழத்துல இருக்கும்போது எழுப்பினா கிறுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும். எப்ப எந்திரிச்சாலும் அரை மணி நேரத்துக்கு வண்டி, ஜெனரேட்டர், கொதிக்கிற அண்டா எதையும் தொடக்கூடாது. படுக்கிற இடம் குழாய் ஸ்பீக்கருக்கு எதிர்த்திசையில, இருட்டா இருக்கணும். காதுக்குப் பஞ்சு போதாது, மெடிக்கல்ல நுரை அடைப்பான் கேளுங்க.

[9:31] செல்வி சித்தி: விடியக்காலை மூணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் யாரும் ஒத்தையா அடுப்படியில நிக்கக்கூடாது. உடம்புச் சூடு ரொம்பக் குறையிற நேரம் அது. ஜெனரேட்டர்ல டீசல் ஊத்துறது, சிலிண்டர் மாத்துறது, வெடி கொளுத்துறது, மூணும் அந்த நேரத்துல, தூங்கி எந்திரிச்சு அரை மணி ஆனவன் கையிலதான். ஒருத்தன் செய்யணும், ஒருத்தன் சத்தமாச் சொல்லிச் சரிபாக்கணும். அண்டா மூடுற தட்டுக்கூட வெறுங்கையால எடுக்கப் போவான், பாத்துக்கிடுங்க.

[9:34] பேச்சி அண்ணன்: மயினி, மூணு நாள்ல விட்ட தூக்கத்தை எல்லாம் அப்படியே திரும்பத் தூங்கணுமா?

[9:36] ஆனந்தி மயினி: மணிக்கு மணி வேண்டாம். கார்ட்னர் பையன் 11 நாளுக்கு அப்புறம் முதல்ல 14 மணி நேரத்துக்கு மேல தூங்கினான், அடுத்த ராத்திரி பத்து மணி நேரம்போல. உடம்பு முதல்ல ஆழ்ந்த தூக்கத்தைப் பிடிக்கும், கனவுத் தூக்கம் அப்புறம் வரும். அதான் ரெண்டாம் மூணாம் நாள் கனவாக் கொட்டுது. ஒரு ராத்திரி தூங்கினதுமே முகம் தெளிஞ்சிரும், கவனம் முழுசாத் திரும்ப இன்னும் சில நாள் ஆகும். வியாழன் நீயே 600 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணுமான்னு அதனாலதான் யோசிக்கேன்.

[9:38] சுடலை மாமா: ஆக்டிங் டிரைவர் ஒருத்தர் இருக்காரு, நான் சொல்லிவைக்கேன். ஆனா வந்ததும் ‘நேத்து ராத்திரி எங்க ட்ரிப்பு, எத்தனை மணிக்குப் படுத்தீரு’ன்னு கேட்டுட்டுத்தான் சாவி குடுக்கணும். நைட்டு மதுரை போயிட்டு வந்தவரா இருந்தா நீ ஓட்டுறதும் அவர் ஓட்டுறதும் ஒண்ணுதான்.

[9:40] பேச்சி அண்ணன்: சரி மாமா. வியாழன் காலை ஏழு. ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டேன்

[9:41] பாக்கியம் ஆச்சி: 🎤 குரல் பதிவு (0:06)

[9:42] இசக்கி: கார் சாவியை இப்பமே ஆச்சி சுருக்குப் பையில கொண்டாந்து போடணுமாம்

[9:44] பேச்சி அண்ணன்: நாளைக்குப் பூ வாங்க யார் வண்டியில போறது அப்பம்?

[9:45] சுடலை மாமா: பைக்ல போலே